அறுந்தால் சத்தம் கேட்க வேண்டும்

நான் பங்களித்துவரும் ஒரு சிறிய திறமூல நிரலகத்தின் (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பின்) கையேட்டில், ‘நேர வரம்பு எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதை இங்கே காண்க’ என்று ஒரு வரி இருந்தது. அந்த ‘இங்கே’வைச் சொடுக்கினால் நிரல்களை வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உள்ள மூலநிரல் கோப்பு ஒன்றின் 214ஆம் வரிக்குப் போகும். எழுதியவன் நான்தான். எழுதிய அன்று அந்த வரியில்தான் நேர வரம்புக்கான ஃபங்ஷன், அதாவது அந்த ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு, தொடங்கியது. பிறகு யாரோ கோப்பின் தலையில் உரிமக் குறிப்பைச் சேர்த்தார்கள், வேறு யாரோ பயன்படாத இரண்டு ஃபங்ஷன்களை நீக்கினார்கள், கோப்பு மேலும் கீழுமாக அசைந்து, கடைசியில் 214ஆம் வரி என்பது மறுமுயற்சிகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் வேறொரு ஃபங்ஷனின் நடுவில் போய் நின்றது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் ஓர் எண் வரும், ஒரு பெருக்கல் வரும். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு பயனர் அந்த இணைப்பை நம்பி எண்ணை மாற்றிவிட்டு, நேர வரம்பு மாறவே இல்லை என்று வழு பதிந்தபோதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

இந்த இரண்டு ஆண்டுகளில் அந்த இணைப்பு ஒருநாளும் ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்று சொல்லவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. அப்படிச் சொல்லியிருந்தால் முதல் வாரத்திலேயே யாராவது தெரிவித்திருப்பார்கள். கோப்பு இருந்தது, 214ஆம் வரியும் இருந்தது. அந்த வரிக்கு ஆவணம் கொடுத்திருந்த பொருள் மட்டும் இல்லை. அன்றிலிருந்து, மூலநிரலையும் ஆவணத்தையும் இணைக்கும் எந்த ஏற்பாட்டைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: ஒரு பக்கம் மாறி மறுபக்கம் மாறாமல் நின்றால், அது யாருக்கு, எப்போது தெரியவரும்?

கிட்ஹப்பில் ஒரு கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு ‘ஒய்’ விசையை அழுத்தினால், முகவரியில் உள்ள கிளையின் பெயர் போய், அந்தக் கணத்தின் கமிட் அடையாளம் (நிரலின் அந்த நிலையை மட்டும் குறிக்கும் எண்) வந்து உட்காரும் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். அப்படி எடுத்த முகவரி என்றைக்கும் அதே வரியைத்தான் காட்டும். வழு அறிக்கைக்கும் விவாதத்துக்கும் இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் கையேட்டில் இதை வைத்தால் வேறு விதமாகக் கெட்டுப்போகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நிரல் எப்படி இருந்தது என்பதைப் பழுதில்லாமல் காட்டிக்கொண்டிருக்கும். இன்றைக்கு அப்படி இல்லை என்று ஒருபோதும் சொல்லாது. முதல் வகை நகர்ந்துபோகிறது, இரண்டாவது உறைந்துபோகிறது. இரண்டும் சத்தமில்லாமல் நடக்கின்றன.

இந்தக் கேள்விக்கு நல்ல விடை ஒன்று எனக்கு வெகு முன்பே பழக்கமாகியிருந்தது என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. கட்டற்ற மென்பொருளுக்குள் நான் நுழைந்தது நிரலாளனாக அல்ல, மொழிபெயர்ப்பாளனாக. மென்பொருள் மொழிபெயர்ப்புக்கான கருவித்தொகுப்பான கெட்டெக்ஸ்ட்டின் ‘பிஓ’ கோப்புகளைத் திறந்து, ஆங்கிலச் சரத்துக்கு (திரையில் தோன்றும் சொற்றொடருக்கு) கீழே தமிழ்ச் சரத்தை எழுதுவதுதான் வேலை. ஒவ்வொரு சரத்துக்கும் மேலே, அது எந்தக் கோப்பின் எந்த வரியிலிருந்து வந்தது என்ற குறிப்பு இருக்கும். அதுவும் வரி எண்தான். ஆனால் மனிதர் கையால் எழுதியது அல்ல, நிரலிலிருந்து சரங்களைத் திரட்டும் ஒவ்வொரு முறையும் கருவி புதிதாக எழுதுவது. அதைவிட முக்கியமானது ‘ஃபஸ்ஸி’ என்னும் குறி. மெனுவில் ‘அழி’ என்று பொருள்பட இருந்த ஆங்கிலச் சரத்தை நிரலாளர் ‘குப்பைத்தொட்டிக்கு நகர்த்து’ என்று பொருள்பட மாற்றினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்புகளை ஒப்பிட்டு இணைக்கும் கருவி, புதிய ஆங்கிலச் சரம் பழையதற்கு நெருக்கமானதென்று கண்டால், பழைய தமிழ்ச் சரத்தைத் தூக்கி எறிவதும் இல்லை, அப்படியே ஏற்றுக்கொள்வதும் இல்லை. ‘இதைச் சரிபார்’ என்று ஃபஸ்ஸி குறியிட்டு வைக்கிறது. வழக்கமான அமைப்பில் அந்தக் குறி இருக்கும்வரை அந்தத் தமிழ்ச் சரம் மென்பொருளுக்குள் போகாது, பயனருக்கு ஆங்கிலமே தெரியும். தமிழ் இடைமுகத்தின் நடுவே திடீரென்று ஓர் ஆங்கில வரி துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்து எரிச்சலடைந்தவர்கள் நம்மில் பலர் உண்டு, நானும் எரிச்சலடைந்திருக்கிறேன். ஆனால் அழியாத கோப்பை ‘அழி’ என்று சொல்லும் பொய்யான தமிழைவிட அந்த ஆங்கிலத் துருத்தல் நேர்மையானது.

ஆவணத்துக்கும் நிரலுக்கும் இடையே இதே கண்டிப்பை வாக்கிய அளவுக்குக் கொண்டுபோன ஒரு திட்டம் உண்டு என்றால் அது எஸ்கியூலைட்தான். 2000ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப் தொடங்கிய இந்தத் தரவுத்தள நிரலகம் இன்று ஏறத்தாழ எல்லாக் கைப்பேசிகளுக்குள்ளும் இருக்கிறது. அதன் சி மொழி இடைமுகத்துக்கான அதிகாரபூர்வ ஆவணம் தனியே எழுதப்படுவதில்லை. தலைப்புக் கோப்பில் உள்ள கமென்ட்டுகளிலிருந்தே, அதாவது கணினி ஓட்டாத, மனிதர் படிப்பதற்கான குறிப்புகளிலிருந்தே, பிரித்தெடுக்கப்படுகிறது. அந்தக் கமென்ட்டுகளை முதன்முறை படிப்பவருக்கு, பல வாக்கியங்களின் முன்னால் ‘^’ என்ற கூரைக் குறி நிற்பது அச்சுப்பிழைபோலத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உண்மையில், ‘இந்த வாக்கியம் வெறும் விளக்கம் அல்ல, சோதித்து நிறுவ வேண்டிய கூற்று’ என்பதைத்தான் அந்தக் குறி சொல்கிறது.

அதற்கு அடுத்த படிதான் அழகு. அப்படிக் குறிக்கப்பட்ட ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் அடையாள எண் உண்டு. யாரும் உட்கார்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று கொடுத்த எண் அல்ல. வாக்கியத்தின் சொற்களை எம்டி5 என்னும் கணக்கீட்டு முறையில் சுருக்கிக் கிடைக்கும் மதிப்பை எட்டு ஐந்திலக்கத் துண்டுகளாக எழுதியது. மூலநிரலில் பெரும்பாலும் முதல் இரண்டு துண்டுகளே போதுமானவையாக இருக்கின்றன. எடுத்துக்காட்டாக, நிரலகத்தின் மெயின்.சி கோப்பில், பதிப்பு எண்ணைத் தாங்கும் மாறிலி அறிவிக்கப்படும் இடத்துக்கு நேர் மேலே ‘ஆர்-46656-45156’ என்று ஒரு கமென்ட் இருக்கிறது. ஆவணத்தின் இந்தக் கூற்றை நிறைவேற்றும் இடம் இதுதான் என்ற அறிவிப்போடு, அந்த ஆவண வாக்கியமும் கூடவே எழுதப்பட்டிருக்கிறது. சோதனைக் கோப்புகளில் இதே பாணியில், இந்தக் கூற்றுக்கு இது சாட்சி என்று குறிக்கும் கமென்ட்டுகள் வருகின்றன. எந்தக் கூற்றுக்குச் சோதனை இருக்கிறது, எதற்கு இல்லை என்பதை இரண்டு பக்கத்தையும் பொருத்திப் பார்க்கும் கருவிகள் சொல்லிவிடும்.

எண் சொற்களிலிருந்தே பிறப்பதால் ஒரு விளைவு உண்டு. நாளைக்கு யாராவது ஆவணத்தில் ‘எப்போதும்’ என்பதை ‘பெரும்பாலும்’ என்று மாற்றினால் அந்த வாக்கியத்தின் எண் மாறிவிடும். நிரலிலும் சோதனையிலும் உள்ள பழைய எண்கள் அனாதையாகிவிடும். பொருளைத் தளர்த்தும் ஒற்றைச் சொல் மாற்றம்கூட அமைதியாக நுழைய முடியாது. இதற்கு ஒரு வேடிக்கையான பக்கமும் இருக்கிறது. நான் வைத்திருக்கும் பிரதியில், மேற்சொன்ன இடத்துக்கு அருகிலேயே இன்னொரு கமென்ட்டில், ஆவண வாக்கியத்தை எடுத்தெழுதும்போது ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் இரட்டித்து வந்திருக்கின்றன. நம் மொழியில் சொன்னால் ‘மாறிலிக்கான மாறிலிக்கான’ என்பதுபோல. எழுத்துப்பிழையைத் திருத்துவதும் சொற்களை மாற்றுவதுதானே. கணக்குப்படி அதற்கும் எண் மாற வேண்டும். பிழை திருத்துபவருக்கு இது அநியாயமாகத் தோன்றலாம். எனக்கு அந்த இரட்டைச் சொல்லைப் பார்க்கும்போது, முடிச்சு இறுகியிருப்பதற்கு அடையாளமாகத்தான் தெரிகிறது.

ஆனால் இதை எல்லாத் திட்டங்களும் செய்ய முடியாது. எஸ்கியூலைட் மிகச் சிறிய குழுவால் பராமரிக்கப்படுவது. அதன் நிரல் யாரும் எடுத்தாளும்படி பொதுக்களத்தில் விடப்பட்டிருந்தாலும், வெளியார் அனுப்பும் நிரலை அவர்கள் பொதுவாக ஏற்பதில்லை. விமான மென்பொருளுக்கான சான்றிதழ் நெறிமுறையிலிருந்து ஊக்கம் பெற்ற ஒழுங்கு அது. மாலை நேரத்தில் வந்து ஒரு பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பிவிட்டுப் போகும் தன்னார்வலரிடம், ‘உங்கள் மாற்றத்தால் நான்கு கூற்று எண்கள் மாறுகின்றன, தேடித் திருத்துங்கள்’ என்றால் அடுத்த மாலை அவர் வரமாட்டார்.

அதனால் நம்மைப் போன்றவர்களுக்குக் கைக்கெட்டும் வழி, வாக்கியங்களை விட்டுவிட்டு எடுத்துக்காட்டுகளைப் பிடித்துக்கொள்வதுதான். பைத்தான் நிரல்மொழியில் டிம் பீட்டர்ஸ் எழுதிய ‘டாக்டெஸ்ட்’ 2001இல் வெளிவந்த 2.1 பதிப்பிலிருந்து மொழியோடு சேர்ந்தே வருகிறது. ஃபங்ஷனுக்குள் எழுதும் விளக்கவுரையில் மூன்று அம்புக்குறிகளை இட்டு ஒரு கட்டளையையும், அடுத்த வரியில் அதன் விடையையும் எழுதிவைத்தால், டாக்டெஸ்ட் அந்தக் கட்டளையை உண்மையிலேயே ஓட்டி, வரும் விடை எழுதியிருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். பார்ப்பதற்கு எளிமையான விஷயம். ஆனால் ஆவணத்தின் ஒரு துண்டு அதனால் சோதனையாகிவிடுகிறது.

இதை நான் தெரிந்துகொண்டதும் தவறு செய்துதான். தமிழ்ச் சொற்களின் எழுத்தெண்ணிக்கைக்காக ஒரு சிறு நிரல் எழுதியிருந்தேன். ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்தால் பைத்தானின் நீளம் காணும் ஃபங்ஷன் என்ன தருகிறது, என் நிரல் என்ன தருகிறது என்று ஒப்பிட்டுக் காட்டும் பத்தி அதன் கையேட்டில் இருந்தது. பைத்தான் 2இல் சாதாரணச் சரமாக, யூடிஎஃப்-8 என்னும் குறியாக்கத்தில் வைத்து அளந்தபோது விடை 15. ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் என்பதால். பைத்தான் 3க்கு மாறிய பிறகு அதே கட்டளைக்கு விடை 5. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடு குறியீடுகளை எண்ணுவதால். தமிழ் படித்தவர் எண்ணினால் 3. நிரலை நான் புதிய பதிப்புக்கு மாற்றினேன், சோதனைகளையும் மாற்றினேன், எல்லாம் பச்சை விளக்கு காட்டின. கையேடு மட்டும் வெகுநாள் 15 என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஏனென்றால் அந்த எடுத்துக்காட்டைத் தனி ஆவணக் கோப்பில் வெறும் எழுத்தாகத்தான் வைத்திருந்தேன். பிறகு அந்தக் கோப்பையும் டாக்டெஸ்ட் ஓட்டும்படி ஒரே ஒரு வரி சேர்த்தேன். அன்றைக்கே இன்னும் மூன்று இடங்களில் சிவப்பு விளக்கு எரிந்தது.

எடுத்துக்காட்டைத்தான் அது சோதிக்கும், அதைச் சுற்றியுள்ள உரைநடையை அல்ல என்பது இதன் குறை. என் கையேட்டில் 15ஐ 5 என்று திருத்திய பிறகும், அதற்கு மேலிருந்த வாக்கியம் ‘பைத்தான் பைட்டுகளை எண்ணுகிறது’ என்றே சில வாரங்கள் நின்றது. டாக்டெஸ்ட் மகிழ்ச்சியாகத் தேர்ச்சி கொடுத்தது. எஸ்கியூலைட்காரர்கள் வாக்கியத்தையே பிடித்தது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பிற மொழிகள் இந்தப் பாதையில் இன்னும் முன்னே போயிருக்கின்றன. ரஸ்ட்டில் ஆவணக் கமென்ட்டுக்குள் எழுதும் நிரல் துண்டுகள், வேறு விதமாகச் சொல்லாவிட்டால், நிரலகத்தின் மற்றச் சோதனைகளோடு தாமாகவே தொகுக்கப்பட்டு ஓடும்; 2020 நவம்பரில் வந்த 1.48 பதிப்பிலிருந்து, ஆவணத்தில் ஒரு வகையின் பெயரை அடைப்புக்குள் எழுதினாலே அதன் பக்கத்துக்கு இணைப்பு உண்டாகும், அந்தப் பெயர் நிரலில் இல்லாமல் போனால் எச்சரிக்கை வரும். முகவரியை எழுதாமல் பெயரை எழுதுவது என்பது சிறிய மாற்றம்போலத் தெரிந்தாலும், என் 214ஆம் வரிக் கதை அங்கே நடந்திருக்காது. கோ மொழியில் எடுத்துக்காட்டு ஃபங்ஷன்களின் கடைசியில் எதிர்பார்க்கும் வெளியீட்டைக் கமென்ட்டாக எழுதினால் அதுவும் சோதனையாகிறது, ஆவணப் பக்கத்திலும் அதுவே வருகிறது.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் அளவுக்குப் பெரிய களஞ்சியத்தில் இந்தச் சிக்கல் இரு திசையிலும் உண்டு. 2016இல் 4.8 பதிப்போடு ஆவணங்கள் ஸ்ஃபிங்க்ஸுக்கு மாறத் தொடங்கின; ஸ்ஃபிங்க்ஸ் என்பதே பைத்தானின் சொந்த ஆவணங்களுக்காகப் பிறந்த கருவி. சி ஃபங்ஷனுக்கு மேலே ஒரு சாய்கோடும் இரண்டு நட்சத்திரமும் இட்டுத் தொடங்கும் கமென்ட், கெர்னல்-டாக் எனப்படும் வடிவில் எழுதப்பட்டிருந்தால், அதை ஆவணப் பக்கத்துக்குள் இழுத்துக்கொள்ளலாம். விளக்கப்பட்ட அளவுருவின் பெயர் ஃபங்ஷனில் இல்லையென்றால் கருவி முறையிடும். ஆனால் நிரலின் கமென்ட்டுகளும் ஆவணக் கோப்புகளின் பாதையைக் குறிப்பிடுகின்றன அல்லவா? ‘விவரத்துக்கு இந்தக் கோப்பைப் படிக்கவும்’ என்று ஓட்டுநர் நிரல்களில் ஏராளமாக இருக்கும். பழைய வெற்று உரைக் கோப்புகளை ஸ்ஃபிங்க்ஸ் வடிவுக்கு மாற்றிப் பெயரையும் அடைவையும் மாற்றியபோது அந்தப் பாதைகள் எல்லாம் அந்தரத்தில் தொங்கின. களஞ்சியம் முழுவதும் அலைந்து, இல்லாத ஆவணத்தைச் சுட்டும் பாதைகளைப் பட்டியலிடும் ஸ்கிரிப்ட் ஒன்று கெர்னலோடே இருக்கிறது என்பதிலிருந்து தொல்லையின் அளவை ஊகித்துக்கொள்ளலாம். இணைப்பு என்றாலே ஆவணத்திலிருந்து நிரலுக்கு என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, அந்த ஸ்கிரிப்டைப் பார்த்த பிறகுதான் என் நிரலகத்தின் கமென்ட்டுகளையும் தேட வேண்டும் என்று தோன்றியது. தேடினேன், ஏழு கமென்ட்டுகள், எப்போதோ நீக்கிவிட்ட ஒரு விக்கிப் பக்கத்தைப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தன.

இணைப்பே தேவைப்படாத வழியும் ஒன்று உண்டு. போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தில் பிழைக் குறியீடுகளின் பட்டியல் ஒரே ஓர் உரைக் கோப்பில் இருக்கிறது. சி நிரலுக்கான தலைப்புக் கோப்பும், கையேட்டில் வரும் பிழைக் குறியீட்டு அட்டவணையும் அதிலிருந்தே பிறக்கின்றன. 17ஆம் பதிப்பிலிருந்து காத்திருப்பு நிகழ்வுகளின் பெயர்களுக்கும் அதே ஏற்பாடு வந்துவிட்டது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கு இடையே முரண்பாடு எழ வழியில்லை. ஆனால் இது அட்டவணைகளுக்குத்தான் பொருந்தும். ‘ஏன் இப்படிச் செய்தோம்’ என்பதை விளக்கும் பத்தியை எந்தத் தரவுக் கோப்பிலிருந்தும் பிறப்பிக்க முடியாது. தானாகப் பிறந்த ஃபங்ஷன் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு ‘எங்கள் ஆவணம் முழுமையானது’ என்று சொல்லும் திட்டங்கள்மீது எனக்குப் பொறுமை குறைவு. ‘பெயரைப் பெறும் ஃபங்ஷன்: பெயரைப் பெறுகிறது’ என்று எழுதியிருப்பதை எத்தனை முறைதான் படிப்பது?

என் நிரலகத்துக்குத் திரும்புகிறேன். 214ஆம் வரி இணைப்பை நீக்கிவிட்டு, ஸ்ஃபிங்க்ஸில் மூலநிரல் கோப்பின் ஒரு பகுதியை அப்படியே ஆவணத்துக்குள் கொண்டுவரும் கட்டளையைப் பயன்படுத்தினோம். அதிலும் வரி எண்களைக் கொடுக்க வசதி இருக்கிறது. கொடுத்தால் பழைய கதைதான். அதற்குப் பதிலாக, நிரலில் ‘நேர வரம்பு தொடக்கம்’, ‘நேர வரம்பு முடிவு’ என்று இரண்டு கமென்ட்டுகளை வைத்து, அவற்றுக்கு இடைப்பட்டதை எடுக்கச் சொன்னோம். அந்தக் குறிகள் காணாமல் போனால் ஸ்ஃபிங்க்ஸ் எச்சரிக்கும். எச்சரிக்கைகளைப் பிழையாகக் கருதும்படி ஓட்டினால் பில்டு, அதாவது தொகுக்கும் வேலை, நின்றுவிடும். ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டுக்கும் (மாற்றத்தைச் சேர்க்கும்படி கேட்கும் கோரிக்கைக்கும்) ஆவணத்தையும் சேர்த்துத் தொகுக்கும்படி அமைத்தோம்.

அமைத்து எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. போன மாதம் புதிதாக வந்த ஒரு பங்களிப்பாளர் நேர வரம்புப் பகுதியைத் திருத்தி எழுதும்போது, எதற்கென்று தெரியாத அந்த இரண்டு கமென்ட்டுகளையும் அழித்துவிட்டார். பில்டு நின்றது. ‘நான் மாற்றியது நிரலை. கையேடு ஏன் என்னைத் தடுக்கிறது?’ என்று சற்றுக் கோபமாகவே கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான்; அந்தக் கமென்ட்டுகளுக்குப் பக்கத்தில், கையேட்டின் எந்தப் பக்கம் இவற்றை நம்பியிருக்கிறது என்று ஒரு சொல் எழுதாமல் விட்டது என் பிழை. அதை ஒப்புக்கொண்டு, அந்தப் பக்கத்தின் இணைப்பை அனுப்பினேன். மறுநாள் குறிகளை மீண்டும் வைத்து, கையேட்டுப் பக்கத்திலும் மூன்று வரிகளைத் திருத்தி அனுப்பியிருந்தார். இரண்டு வரிகள் அவருடைய மாற்றத்தால் வந்தவை. மூன்றாவது, இயல்பான நேர வரம்பு 60 நொடி என்று நான் எழுதியிருந்த வரி. அது முதல் பதிப்பிலிருந்தே 30 நொடிதானாம்.